வாய் புண்ணான நாட்களில் காய்ச்சலை எங்கே அளப்பது?

புற்றுநோய் வார்டில் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணுக்கு இருக்கிற அதிகாரம் வேறு எந்த வார்டிலும் கிடையாது. பொது வார்டில் 101 டிகிரி என்றால் ஒரு பாராசிட்டமால், ஈரத்துணி, அடுத்த ரவுண்டில் டாக்டரிடம் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கீமோ முடிந்து வெள்ளையணுக்கள் இறங்கிய நோயாளிக்கு அதே 101 வந்தால் டியூட்டி டாக்டரை அப்போதே கூப்பிட வேண்டும், ரத்தம் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏறியிருக்க வேண்டும். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரே ஒரு முறை 38.3 டிகிரி செல்சியஸ், அதாவது 101 ஃபாரன்ஹீட் காட்டினாலும் காய்ச்சல்தான், 38.0, அதாவது 100.4, ஒரு மணி நேரம் இறங்காமல் நின்றாலும் காய்ச்சல்தான். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டருக்கு 500க்குக் கீழே போயிருந்தாலோ, அடுத்த 48 மணி நேரத்தில் போகும் என்று எதிர்பார்த்தாலோ இந்தக் கணக்கு பொருந்தும். இதே வழிகாட்டுதலில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஒரு விவரம் இருக்கிறது. அந்த 38.3 வாயில் அளந்த எண். ஆரோக்கியமான வாய் என்ற நினைப்பில் போட்ட கோடு அது. எங்கள் வார்டுகளில் அந்த வாய் ஆரோக்கியமாக இருப்பது அபூர்வம். என் வாதம் முழுவதும் இந்த முரண்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில், ஓர் எண்ணுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதைச் சொல்லிவிட வேண்டும். தொற்று வந்தால் சீழ் பிடிக்கும், வீங்கும், சிவக்கும், நிமோனியா என்றால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் என்றுதான் எல்லோரும் படிக்கிறோம். இவை பெரும்பாலும் நியூட்ரோஃபில்கள் வந்து போரிட்டதன் தடயங்கள். போரிட ஆளே இல்லாத உடம்பில் தடயமும் இருக்காது. ஊசி போட்ட இடம் லேசாகச் சிவந்திருக்கும், அதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும். வெள்ளையணு குறையக் குறையத் தொற்று ஏறுகிறது என்பதை ஜெரால்ட் போடியும் அவருடன் இருந்தவர்களும் ரத்தப் புற்றுநோயாளிகளிடம் கணக்கெடுத்து 1966இல் காட்டினார்கள். எந்தக் கிருமி என்று தெரியும்வரை காத்திராமல், காய்ச்சல் கண்டவுடனே ஆன்டிபயாட்டிக் தொடங்கலாம் என்பதை 1971இல் ஸ்டீபன் ஷிம்ஃப் குழுவினர் எழுதினார்கள். அதுவரை கல்ச்சர் முடிவுக்காகக் காத்திருந்த ஒன்றிரண்டு நாட்களிலேயே பலர் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இன்று உலகெங்கும் நடக்கிற ‘காய்ச்சல் வந்தால் உடனே மருந்து’ என்ற முறை அங்கிருந்து வளர்ந்ததுதான். இந்த முறை நிற்பது தெர்மாமீட்டரின் மேல். மற்ற அடையாளங்கள் எல்லாம் மங்கிவிட்ட உடம்பில் மிச்சமிருக்கிற சாட்சி காய்ச்சல் ஒன்றுதான்.

இப்போது வாய்க்கு வருவோம். ஃபைவ்-எஃப்.யு., மெத்தோட்ரெக்சேட், சைட்டராபின், மெல்ஃபலான் போன்ற மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுச் செல் மட்டுமா வேகமாகப் பிரிகிறது? வாயின் உள்தோலும் அப்படித்தான், எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான். அதனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே காலக்கணக்கில் அடிபடுகின்றன. மருந்து ஏறிய ஐந்தாறு நாளில் வாய் எரியத் தொடங்கும். ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். நியூட்ரோஃபில்கள் அடிமட்டத்துக்குப் போவதும் பல மருந்துகளில் அதே ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள்தான். தலை, கழுத்துப் பகுதிக்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்கிறவர்களில் வாய்ப்புண் வராதவரைப் பார்ப்பது கடினம்; மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கடுமையான கீமோவிலும் பெரும்பாலோருக்கு வருகிறது. ஆக, தெர்மாமீட்டரின் எண் உயிரைத் தீர்மானிக்கிற அதே ஏழெட்டு நாட்களில்தான், அந்த எண்ணை எடுக்கிற இடமும் கெட்டுக் கிடக்கிறது. தற்செயல் என்று ஒதுக்க முடியாது. இரண்டுக்கும் காரணம் ஒரே மருந்து.

வாய் ஏன் நல்ல இடமாகக் கருதப்பட்டது என்பதற்கு உடற்கூறில் காரணம் உண்டு. நாக்கின் அடியில், பின்பக்கம், இருபுறமும் இரண்டு குழிவான இடங்கள் இருக்கின்றன. நாக்குக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி பக்கத்திலேயே ஓடுவதால் உள் உடம்பின் சூடு அங்கே சீக்கிரம் தெரிகிறது. ஆனாலும் வாய் உள் உடம்பு அல்ல; நல்ல நிலையில்கூட இதயத்துக்கு அருகே ஓடும் ரத்தத்தைவிட அரை டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் குறைவாகவே காட்டும். அழற்சி வந்தால் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அந்த இடத்துக்கு வரும் ரத்தம் கூடுகிறது, வாயின் சூடு ஏறுகிறது. அழற்சியின் அடையாளங்களில் சூடும் ஒன்று என்று ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் எழுதியது நர்சிங் முதல் வருடப் பாடத்திலேயே வந்துவிடும். அதை வாய்க்குள் வைத்த தெர்மாமீட்டரோடு இணைத்துப் பார்க்க நமக்கு வெகுகாலம் ஆகியிருக்கிறது. 2008இல் கிளினிக்கல் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழில் இஸ்ரேல் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டது. வாய்ப்புண் உள்ள புற்றுநோயாளிகளிடம் வாயிலும் காதிலும் அளந்து ஒப்பிட்டார்கள். புண் இருந்தவர்களிடம் வாயின் எண் மேலே போயிருந்தது. தொற்று இல்லாமலேயே காய்ச்சல் என்று எழுதப்பட வாய்ப்பிருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

இந்த முடிவைக் கேட்டதும் சிலர் அடுத்த கோடிக்கு ஓடுகிறார்கள்: அப்படியானால் வாய்ப்புண்காரருக்கு வருகிற காய்ச்சலை நம்பவே வேண்டியதில்லையே! இதற்குப் பதில் இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சர்ஜனிடம் இருக்கிறது. லண்டனில் இருந்த ஜான் ஹன்டர் அழற்சி பற்றி எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1794இல் வந்தது. வீங்கிச் சிவந்த இடங்களில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த அவர், அந்த இடத்தின் சூடு உடம்பின் மையத்தில் ஓடும் ரத்தத்தின் சூட்டை நெருங்குமே தவிர அதைத் தாண்டிப் போவதில்லை என்று கண்டார். இதை நம் விஷயத்துக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு பயனுள்ள எல்லை கிடைக்கிறது. அழற்சியால் சிவந்த வாய் தானாகவே ஓர் உலையாகிவிடாது. அதற்கு வரும் ரத்தம் கூடுகிறது, உள் உடம்போடு இருந்த இடைவெளி சுருங்குகிறது, அவ்வளவே. அந்த இடைவெளியே அரை டிகிரி செல்சியஸுக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் அடங்குகிறது என்றால், வாய்ப்புண் செய்யக்கூடிய பொய்யும் ஏறக்குறைய அந்த அளவுக்குள்தான் இருக்க வேண்டும். 100க்கும் 101க்கும் நடுவே ஊசலாடுகிற எண்ணை வாய்ப்புண் உருவாக்கியிருக்கலாம். 102.5ஐ வாய்ப்புண்ணின் தலையில் கட்ட முடியாது. ஆனால் சிகிச்சையைத் தீர்மானிக்கும் கோடுகள் இரண்டும் அந்த ஊசலாட்டப் பகுதியில்தான் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. 100.4க்கும் 101க்கும் இடையே இருப்பது 0.6 டிகிரிதான். அளவையின் பிழை, கோடுகளுக்கு இடையிலான தூரத்தைவிடப் பெரிதாக இருக்கும்போது ‘சின்ன வித்தியாசம்தானே’ என்கிற வாதம் நிற்காது.

புண்பட்ட வாய் கூட்டிக் காட்டும் என்பது பாதிக் கதை. அதே வாய் குறைத்தும் காட்டும், இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிற பாதி. தெர்மாமீட்டரை நாக்கின் அடியில் பின்னால் தள்ளி வைத்து உதட்டை மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. நாக்கின் ஓரமெல்லாம் உரிந்து ரணமாகிக் கிடக்கிறவர் அதைப் பின்னால் தள்ள விடமாட்டார். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே பேருக்கு வைத்துக்கொள்வார். உதடு வெடித்திருந்தால் மூட முடியாது. எச்சிலை விழுங்கவே வலிப்பதால் வாயைத் திறந்தபடி மூச்சு விடுகிறவர்கள் நிறையப் பேர். காய்ச்சலோடு மூச்சும் வேகமானால், உள்ளே போகிற காற்று வாயை இன்னும் குளிர வைக்கிறது. இதற்கு மேல் சிகிச்சையும் சேர்ந்துகொள்கிறது. ஃபைவ்-எஃப்.யு. ஊசி ஏறும்போது வாய்ப்புண் வராமல் தடுக்க அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளைச் சப்பச் சொல்கிறோம். மெல்ஃபலானுக்கும் அப்படியே. புண் வந்த பிறகு உப்பும் சோடாவும் கலந்த நீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்கச் சொல்கிறோம். எரிச்சலுக்கு இதமாக இருக்கிறதென்று குளிர்ந்த மோரும் ஐஸ்கிரீமும் இடையிடையே போகின்றன. எதைக் குடித்தாலும் கால் மணியிலிருந்து அரை மணி நேரம் பொறுத்துத்தான் வாயில் அளக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். ஓயாமல் கொப்பளிக்கிற வாய்க்கு அப்படி ஓர் அரை மணி நேரம் எப்போது வரும்? அழற்சி மேலே தள்ள, குளிர்ச்சி கீழே இழுக்க, கிடைக்கிற எண் இரண்டில் எது வென்றது என்பதைச் சொல்கிறதே தவிர, உடம்பின் சூட்டை அல்ல.

கூட்டிக் காட்டுவது நல்லதுதானே, தவறினாலும் பாதுகாப்பான பக்கம் தவறுகிறோம் என்பது அனுபவசாலிகளே சொல்கிற மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. வெள்ளையணு இல்லாதவருக்கு மருந்து தாமதமாவதைவிட, தேவையில்லாமல் ஒருமுறை கொடுப்பது மேல். ஆனால் அந்த ‘ஒருமுறை’க்கு விலை இல்லாமல் இல்லை. படுக்கை, ட்ரிப்ஸ், கல்ச்சர், நாட்கணக்கில் வலுவான ஆன்டிபயாட்டிக், அதனால் வயிற்றுப்போக்கு, மருந்துக்கு அடங்காத கிருமிகள், அடுத்த கீமோ தள்ளிப் போவது என்று அது நீளும். நம் ஊரில் வீட்டுக்காரர் ஒருவரின் கூலியும் கூடவே போகும். இதையெல்லாம்விடப் பெரிய கேடு ஒன்று உண்டு. அடிக்கடி பொய் சொல்கிற எண்ணை வார்டு நம்புவதை விட்டுவிடும். கல்ச்சரில் ஒன்றும் வளராத காய்ச்சல்களை வரிசையாகப் பார்த்துப் பழகிய கண், ‘இது வாய்ப்புண் சூடு, காலையில் பார்க்கலாம்’ என்று சொல்லத் தொடங்கும். பாதுகாப்பான பக்கம் என்று நினைத்துத் தொடங்கியது, ஆபத்தான பக்கத்தில் போய் முடியும்.

அந்த வாக்கியம் ஏன் ஆபத்து என்பதை விரித்துச் சொல்ல வேண்டும். வாய்ப்புண்ணோடு தெர்மாமீட்டர் ஏறுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மேலே சொன்னபடி அந்த இடத்தின் சூடு மட்டும். உடம்பில் காய்ச்சல் இல்லை. இரண்டு, வாய் தொடங்கிக் குடல் வரை உரிந்துபோன உள்தோலிலிருந்து வெளிப்படும் அழற்சிப் பொருட்கள் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டை ஏற்றுகின்றன. இது உண்மையான காய்ச்சல், தொற்று இல்லாமலும் வரும். மூன்று, வாயிலேயே குடியிருக்கும் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகள் உரிந்த இடம் வழியே ரத்தத்தில் நுழைந்துவிட்டன. அதிக அளவு சைட்டராபின் வாங்கியவர்களிடம் இந்தக் கிருமி ரத்த அழுத்தத்தை வீழ்த்தி, நுரையீரலையும் பாதித்து, ஆளையே சாய்த்துவிடும். வாய்ப்புண் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு மூன்றாவதன் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே ‘வாய்ப்புண் இருக்கிறது, அதனால் காய்ச்சலைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்பது தலைகீழான தர்க்கம். வாய்ப்புண் இருப்பது காய்ச்சலை அதிகம் பொருட்படுத்துவதற்கான காரணம். அளக்கும் இடத்தை மாற்றுவதற்கான காரணம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கலே. வீட்டில் இந்தக் குழப்பம் இன்னும் இயல்பாக நடக்கிறது. வாயில் புண் என்றாலே உடம்புச் சூடு என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். இளநீர் கொடுத்து, தலையில் எண்ணெய் வைத்து, ‘சூடு தணியட்டும்’ என்று ஓர் இரவு போகவிடுவது யாருடைய அலட்சியமும் அல்ல. நாங்கள் டிஸ்சார்ஜ் அன்று தெளிவாகச் சொல்லாததன் விளைவு.

சரி, வேறெங்கே அளப்பது? ஆசனவாய் கூடவே கூடாது. உள் உடம்பின் சூட்டுக்கு நெருக்கமாகக் காட்டும் இடம்தான், ஆனால் வெள்ளையணுவும் தட்டணுவும் குறைந்தவருக்கு அங்கே ஏற்படும் சின்னக் கீறலே ரத்தக் கசிவுக்கும் தொற்றுக்கும் வழியாகும். நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கி மாடல் கொரோனா காலத்தில் கடைக்குக் கடை வந்தது. வியர்வைக்கும் வெயிலுக்கும் ஆடிப்போகிற தோலின் சூட்டைத்தான் அது அளக்கிறது. அக்குள் மிச்சமிருக்கிறது, காது மிச்சமிருக்கிறது. அக்குளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. எடை இழந்து அக்குள் குழிவிழுந்த நோயாளியிடம் தெர்மாமீட்டரின் முனை தோலைத் தொடாமல் காற்றில் நிற்கும். நடுக்கம் எடுக்கும் நேரத்தில் தோல் குளிர்ந்து, உள்ளே கொதித்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. காதில் செவிப்பறைக்கு வரும் ரத்தம் மூளைக்குப் போகும் தமனியின் கிளைகளிலிருந்தும் வருவதால் கோட்பாட்டில் அது நல்ல இடம். நடைமுறையில் குறும்பி அடைத்திருந்தாலோ, காதைப் பின்னுக்கு இழுத்து நேராக்காமல் நீட்டினாலோ, அந்தப் பக்கமாகப் படுத்து எழுந்திருந்தாலோ எண் மாறும். கரண்டு வைத்த பக்கத்துக் காதில் தோல் வீங்கியிருக்கும், அதைத் தொடக் கூடாது.

காதும் துல்லியமில்லையே என்பது அடுத்த மறுப்பு. உண்மை. 2015இல் ஆனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் 75 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் காது, நெற்றி, அக்குள், வாய் எதுவுமே உள் உடம்பின் சூட்டைத் துல்லியமாகச் சொல்லத் தகுதியில்லை என்றே முடிவுக்கு வந்தார்கள். ஆனால் பிழைகளெல்லாம் ஒரே ஜாதி இல்லை. காதில் வருகிற பிழை பெரும்பாலும் கையால், கருவியால், குறும்பியால் வருகிறது. இன்னொரு முறை சரியாக அளந்தால் குறையும், மறு காதில் பார்த்துச் சரிபார்க்கலாம். வாய்ப்புண் வாயில் உண்டாக்கும் பிழை நோயோடு சேர்ந்தே ஏறுகிறது. வாய் எவ்வளவு ரணமோ, வெள்ளையணு எவ்வளவு கீழேயோ, எண்ணும் அவ்வளவு கோணலாகிறது. பத்து முறை அளந்தாலும் அதே கோணல்தான் திரும்பத் திரும்ப வரும். தடுமாறுகிற கருவியைப் பழக்கத்தால் சமாளிக்கலாம்; நோயோடு சேர்ந்து சாய்கிற கருவியைச் சமாளிக்க முடியாது. காதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு என் காரணம் இதுதான், அதன் துல்லியம் அல்ல.

தேர்ந்தெடுப்பதைப் புண் வருவதற்கு முன்பே செய்ய வேண்டும் என்பது இதிலிருந்து வருகிற நடைமுறை முடிவு. வாய் எரியத் தொடங்கிய பிறகு இடத்தை மாற்றினால், நேற்றைய வாய் எண்ணையும் இன்றைய காது எண்ணையும் ஒரே கோட்டில் வரைந்து, ஏறாத காய்ச்சலை ஏறியதாகவும் ஏறியதை இறங்கியதாகவும் படிப்போம். முதல் கீமோ தொடங்கும் அன்றே, நல்ல நிலையில், காலையும் மாலையும் அதே காதில் அதே கருவியால் அளந்து அந்த நோயாளியின் சொந்த எண்ணை எழுதி வைக்க வேண்டும். 98.6 என்ற பொது எண் இதற்கு உதவாது. ஜெர்மனியின் வுண்டர்லிக் 1868இல் தந்த 37 டிகிரி செல்சியஸ்தான் அது, அவர் அளந்தது அக்குளில். 1992இல் அமெரிக்காவில் 148 ஆரோக்கியமானவர்களை வாயில் அளந்தபோது சராசரி 98.2 என்றே வந்தது. அதிலும் விடியற்காலைக்கும் மாலைக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏற்ற இறக்கம் இருந்தது. 97.4லேயே இருக்கிறவர் 100க்கு வந்தால் அது கோட்டைத் தொடாத பெரிய ஏற்றம். சூடு, நாடி, மூச்சு எழுதும் டி.பி.ஆர். சார்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் வாய், காது, அக்குள் என்று ஒரு சொல் எழுத அரை நிமிடம்கூட ஆகாது. பல இடங்களில் அந்தக் கட்டமே அச்சில் இல்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். இன்னொன்று: சில காது தெர்மாமீட்டர்களில் காதில் அளந்ததை வாய்க்கு ஈடான எண்ணாக மாற்றிக் காட்டும் அமைப்பு இருக்கிறது. ஒரே காது, ஒரே நிமிடம், அமைப்பை மாற்றினால் எண் மாறும். பிரித்த அன்றே எந்த அமைப்பில் இருக்கிறதென்று பார்த்துக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுவது நல்லது. அக்குளில் எடுத்த எண்ணோடு ஒரு டிகிரி கூட்டி எழுதும் பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டும்; காட்டியதை எழுதி, எங்கே என்று எழுதினால் போதும், கணக்கை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

வார்டை விட வீடுதான் இதில் பெரிய களம். வெள்ளையணு எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும் நாட்களில் பெரும்பாலோர் ஊரில், மருத்துவமனையிலிருந்து பல மணி நேரப் பயணத்தில் இருக்கிறார்கள். எல்லோராலும் காது தெர்மாமீட்டர் வாங்க முடியாது. மருந்துக் கடையில் கிடைக்கிற சாதாரண டிஜிட்டல் ஒன்றுதான் இருக்கும். வாய் ரணமாக இருக்கும்போது அதை அக்குளில் வைக்கட்டும், வியர்வையைத் துடைத்துவிட்டு, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்தபடி, பீப் சத்தம் வந்த பிறகும் சில நிமிடங்கள் விட்டு. ஆனால் அந்த எண்ணை ஒரு பக்கமாகத்தான் நம்பச் சொல்ல வேண்டும். அக்குளில் 100.4 காட்டினால் காய்ச்சல் இருக்கிறது, கிளம்ப வேண்டும். அக்குளில் 99 காட்டினால் காய்ச்சல் இல்லை என்று பொருள் கிடையாது. குளிர் நடுக்கம், தலைசுற்றல், சிறுநீர் குறைதல், ஆள் ஒரு மாதிரி மந்தமாகப் பேசுதல், இவற்றில் ஒன்று இருந்தாலே எண்ணுக்காகக் காத்திருக்காமல் போன் செய்ய வேண்டும். வாந்திக்காகக் கொடுக்கிற டெக்சாமெத்தசோன் காய்ச்சலை மறைக்கும். வாய் வலிக்கென்று நேரம் தவறாமல் விழுங்குகிற பாராசிட்டமாலும் மறைக்கும். ஆகவே வலி மாத்திரையை அளந்த பிறகு போடச் சொல்கிறோம், அளப்பதற்கு முன் அல்ல. எப்போது போட்டார்கள் என்பதை அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே குறிக்கச் சொல்கிறோம். போனில் பேசுகிற வீட்டுக்காரரிடம் ‘எவ்வளவு இருக்கிறது’ என்று கேட்பதோடு எங்கே வைத்தீர்கள், கடைசி மாத்திரை எப்போது, வாயில் என்ன போட்டார் என்றும் கேட்க வேண்டும். பதில் எப்படி வந்தாலும், சந்தேகம் இருந்தால் கிளம்பி வரச் சொல்வதுதான் முறை.